செம்மரமும் சீன நாற்காலியும்

பெய்ஜிங் அரண்மனையில் சிங் வம்சப் பேரரசர்கள் அமர்ந்த ஆசனங்களில் மிக உயர்வாகக் கருதப்பட்டவை ஸீதான் என்ற மரத்தில் செய்யப்பட்டவை. அந்த மரம் சீனாவின் மரமல்ல. ஸீதான் என்று சீனர்கள் போற்றுவது பெரும்பாலும் நம் செம்மரத்தைத்தான் என்று மரவியலாளர்கள் சொல்கிறார்கள். விலையுயர்ந்த மரங்களுக்குச் சீன அரசு 2000இல் வெளியிட்ட தர வரையறையிலும் ஸீதான் என்ற பிரிவில் இருப்பது இந்த ஓர் இனம்தான். உலகத்தில் அது இயற்கையாக வளரும் இடமோ மிகச் சிறியது. திருப்பதிக்குப் பின்னால் எழுந்து கடப்பா பக்கம் நீளும் சேஷாசல மலைகள், பழைய சித்தூர் மாவட்டத்தின் வறண்ட காடுகள், நெல்லூர், கர்னூல் பக்கத்துக் குன்றுகள், எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுக்குள் சில சிறு பகுதிகள், அவ்வளவுதான். நாற்காலிகளைப் பற்றிய ஒரு கட்டுரையைத் திருப்பதியிலிருந்து தொடங்க இதுவே போதுமான காரணம். காலம் கடந்தும் பழசாகாத நாற்காலி எது, ஏன் என்ற கேள்விக்கு இந்த மலைகளின் வரலாறு தரும் பதில், ஃபர்னிச்சர் கடை விளம்பரங்கள் தரும் பதிலுக்கு நேர் எதிரானது.

முதலில் மரத்தைப் பார்த்துவிடலாம். செம்மரம் பார்வைக்குப் பிரமாண்டமானது அல்ல. பாறை இடுக்கிலும் சரளை மண்ணிலும் வேர்பிடித்து மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த கட்டை தேறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும். அந்த நடுக்கட்டைக்குத்தான் விலை. புதிதாக அறுத்த முகம் ரத்தச் சிவப்பாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு நாளாக ஆக ஊதா கலந்த கருப்புக்கு மாறும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் சிவப்புக் கோடு விழும். சந்தன வாசனை துளியும் கிடையாது. சில கட்டைகளில் ரேகை நேராக ஓடாமல் அலை அலையாக நெளியும், அப்படிப்பட்டதற்கு மவுசு இன்னும் அதிகம். ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்குச் சாயக்கட்டையாகக் கப்பலேறியது. நம் வீடுகளில் இந்த மரம் வேறொரு வழியில் புழங்கியது. கொலுவின் மேல்படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடி, பழைய குடும்பங்களில் திருப்பதியிலிருந்து வாங்கிவந்த செம்மரப் பொம்மைதான். காளஹஸ்திக்குப் பக்கத்தில் மாதவமாலா என்ற ஊரில் இன்றும் மரச்சிற்ப வேலை தொழிலாக நடக்கிறது.

விலையுயர்ந்த மரம், அரிய வேலைப்பாடு, பெயர் பெற்ற கம்பெனி ஆகியவைதான் ஒரு நாற்காலியை நிலைக்க வைக்கின்றன என்பது பொதுவான நம்பிக்கை. சீர்வரிசையில் வந்த தேக்கு நாற்காலியைப் பற்றிப் பேசும்போது மரத்தின் பெயரைச் சொல்லித்தான் பெருமைப்படுகிறோம். அதற்கு உருவம் கொடுத்தது யார் என்று கேட்பதில்லை. ஆனால் கடந்த நூற்றறுபது ஆண்டுகளில் வந்து இன்றும் விரும்பி வாங்கப்படுகிற நாற்காலிகளைக் கவனித்தால், நிலைத்தது வடிவம்தான் என்று தெரிகிறது. மரமும் உலோகமும் பிளாஸ்டிக்கும் வந்து போயின. ஒரே நாற்காலியை நான்கு விதப் பொருள்களில் செய்துபார்த்த பிறகும் அது அதே நாற்காலியாகவே இருந்திருக்கிறது. சேஷாசலத்தைப் பொறுத்தவரை இது வெறும் ரசனை விவகாரம் அல்ல. வடிவத்தை விட்டுவிட்டு மரத்தைக் கும்பிட்டவர்களால் அந்த மலை பட்ட பாடு ஊரறிந்தது.

இந்த வாதத்துக்கு முதல் சாட்சி சீன நாற்காலியேதான். மிங் வம்சக் காலத்தில், அதாவது 1368க்கும் 1644க்கும் இடையில், சீனத் தச்சர்கள் ஒரு வட்ட முதுகு நாற்காலியை முழுமைக்குக் கொண்டுவந்தார்கள். தலைக்குப் பின்னால் தொடங்கும் ஒரு சட்டம் இரண்டு பக்கமும் வளைந்து சரிந்து, முறியாமல் அப்படியே கைப்பிடியாகிவிடும். அந்த வளைவு மூன்று அல்லது ஐந்து துண்டுகளைக் கொக்கிபோல் மாட்டிச் சேர்த்தது; ஆணி கிடையாது. முதுகுக்கு நடுவில் ஒரே ஒரு பலகை. முதுகெலும்பு எப்படி வளைகிறதோ அதற்கு ஏற்ப அதுவும் லேசாக வளைந்திருக்கும். அலங்காரம் என்று சொல்ல அதிகம் இல்லை, இருந்தால் முதுகுப் பலகையில் ஒரு சிறு பதக்கம் செதுக்கியிருப்பார்கள். இந்த எளிய நாற்காலிகளில் சிறந்தவையாக இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை ஹைனான் தீவின் மணமுள்ள மஞ்சள் மரத்தில் செய்தவை. செம்மரத்தில் செய்தவையும் உண்டு. பின்னால் வந்த சிங் பேரரசர்கள், முக்கியமாகச் சியன்லோங், செம்மரத்தின் மேல் மோகம் கொண்டார்கள். அந்த மரம் நுணுக்கமான செதுக்கு வேலைக்கு இணங்கும் என்பதால் டிராகனும் மேகமும் தாமரையும் கைப்பிடி முதல் கால்வரை இடைவெளி இல்லாமல் பரவின. ஆசனங்கள் கனத்தன, கம்பீரம் கூடியது, உட்காரும் சுகம் குறைந்தது.

இந்த இரண்டில் எது உலகம் சுற்றியது என்று பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 1914இல் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் தொழில் கற்ற ஹான்ஸ் வெக்னர், 1940களில் மிங் பாணிச் சீன நாற்காலிகளின் படங்களைக் கண்டு அவற்றின் மேல் மனம் வைத்தார். 1944இல் 'சீன நாற்காலி' என்ற பெயரிலேயே ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனத்துக்கு ஒன்றை வடிவமைத்தார். அதிலிருந்து தேவையற்றதைக் கழித்துக்கொண்டே வந்து 1949இல் இன்னொன்றை வரைந்தார். கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950இல் தொடங்கி இன்றுவரை நிறுத்தாமல் செய்துவரும் அந்த நாற்காலி, முதுகுப் பலகை ஆங்கில ஒய் எழுத்துப்போல் கவைத்திருப்பதால் 'ஒய் நாற்காலி' என்று அறியப்படுகிறது. கோபன்ஹேகனிலும் டோக்கியோவிலும் பெங்களூரிலும் புது வீடு கட்டுபவர்கள் சாப்பாட்டு மேசைக்கு வாங்கும் நாற்காலி அது. அதே 1949இல் அவர் செய்த 'வட்ட நாற்காலி'யில்தான் 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்தில் அமர்ந்தார்கள். சிங் அரண்மனையின் செதுக்கிய செம்மர ஆசனத்தைச் சீனாவுக்கு வெளியே இப்படி யாரும் தொடரவில்லை. அது அருங்காட்சியகத்தில் கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது.

ஒய் நாற்காலியை நெருங்கிப் பார்த்தால் வெக்னர் சீனத் தச்சரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தெளிவாகும். முதுகும் கைப்பிடியுமாக ஓடும் அந்த ஒற்றை வளைவை எடுத்துக்கொண்டார்; ஆனால் துண்டுகளைக் கொக்கிபோட்டுச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரே மரச்சட்டத்தை நீராவியில் இளக்கி வளைத்தார். நடுப்பலகையை எடுத்துக்கொண்டு அதன் பாரத்தைக் குறைக்க இரண்டாகக் கவைத்தார். கைப்பிடியை முன்னங்கால் வரை இழுக்காமல் பாதியில் நிறுத்தினார், அதனால் நாற்காலியை மேசைக்கு அருகில் தள்ளிக்கொள்ள முடிகிறது. இருக்கை மரப்பலகை அல்ல, முறுக்கிய காகிதக் கயிறு. சுமார் 120 மீட்டர் கயிற்றை ஒருவர் கையால் நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிப் பின்னிக்கொண்டே வருவார். கடைசியில் நான்கு முக்கோணங்கள் சந்திக்கும். அந்தக் கயிறு பல ஆண்டுகள் உழைக்கும். தளர்ந்தால் கழற்றிவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். மரம் என்னவென்றால் பீச், ஓக் போன்ற ஐரோப்பியக் காட்டு மரங்கள். அந்த ஊரில் அவை அரிதானவையும் அல்ல, அரசர்களுக்கென்று ஒதுக்கியவையும் அல்ல. நாற்காலியின் கௌரவம் ஒரு துளி குறையவில்லை.

இன்னும் பின்னே போனால் இதே பாடத்தை வியன்னா சொல்கிறது. மைக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலிதான் நவீன நாற்காலிகளின் மூதாய். நீராவியில் வேகவைத்த பீச் மரக் கம்பை வளைக்கும்போது வெளிப்பக்கம் விரிந்து வெடித்துவிடாமல் ஓர் இரும்புப் பட்டையை அணைத்துக் கட்டிக்கொள்வது அவருடைய யுக்தி. மொத்தம் 6 மரத் துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பிரித்து முடுக்கிக்கொள்ளலாம். 1930க்குள் ஐந்து கோடி நாற்காலிகள் விற்றுவிட்டன. பம்பாயின் பழைய இரானி ஹோட்டல்களில் கருத்து மினுங்கும் வளைமர நாற்காலிகளும் இந்த வம்சம்தான். காப்புரிமை தீர்ந்ததும் உலகெங்கும் நகல் எடுத்தார்கள், எந்த மரம் வளைந்ததோ அந்த மரத்தில் எடுத்தார்கள். நகல் எடுக்க எடுக்க மூலத்தின் மதிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. இரண்டு வளைவு மட்டுமே உள்ள அந்த முதுகை எந்த ஊரில் பார்த்தாலும் கண் அடையாளம் கண்டுகொள்கிறது.

பொருள் மாறியும் வடிவம் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கறாரான சான்று பிளாஸ்டிக் காலத்தில் கிடைக்கிறது. வெர்னர் பான்டன் என்ற டென்மார்க்குக்காரர் காலே இல்லாத, தரையிலிருந்து ஒரே வீச்சாக எழுந்து மடங்கும் நாற்காலியை வரைந்தார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. முதலில் கண்ணாடி இழை சேர்த்த பாலியஸ்டர், அடுத்து பாலியூரித்தேன், அப்புறம் இன்னொரு பிளாஸ்டிக். அது வெயில், மழைக்குத் தாங்காமல் முறிந்ததால் 1979இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். பிறகு மீண்டும் பாலியூரித்தேனில் வந்து, 1999 முதல் பாலிப்ரொப்பிலினில் வருகிறது. அமெரிக்காவின் சார்ல்ஸ் - ரே ஈம்ஸ் தம்பதியின் கதையும் அதுவே. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தோன்றக் காரணமான 'இந்திய அறிக்கை'யை 1958இல் நம் அரசுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். 1950இல் கண்ணாடி இழையில் வந்த அவர்களுடைய கிண்ண வடிவ நாற்காலி பின்னால் பாலிப்ரொப்பிலினுக்கு மாறியது. 1956இல் வந்த சாய்வு நாற்காலி இன்னும் முக்கியமான சாட்சி. அதன் வளைபலகைகளுக்கு மேல் ஒட்டியது பிரேசில் ரோஸ்வுட். காடு அழிந்துபோய் 1992இல் அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்குக் கடும் தடை வந்த அந்தக் காலகட்டத்தில், அதைச் செய்துவந்த ஹெர்மன் மில்லர் நிறுவனம் வால்நட், செர்ரி போன்ற மரங்களுக்கு மாறியது. அந்த நாற்காலியின் புகழ் முடிந்துவிடவில்லை. இன்றும் அது கனவு காணப்படும் நாற்காலிதான். அரிய மரம் இல்லாவிட்டால் அந்த நாற்காலி இல்லை என்று முப்பத்தைந்து ஆண்டுகள் நினைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றமே பதில் சொல்லியது.

சீனாவிலும் இதே மாற்றம் நடந்திருக்கலாம், நடக்கவில்லை. புதிய செல்வம் பெருகிய காலத்தில் பழைய அரண்மனை ஆசனங்களின் பிரதிகளை ஹோங்மு என்ற பெயரில் வாங்கிக் குவிக்கும் சந்தை அங்கே வளர்ந்தது. அதில் உச்சியில் இருந்தது ஸீதான். 1999இல் பெய்ஜிங்கில் செம்மர மேசை நாற்காலிகளுக்கென்றே ஒரு தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். பத்து ஸீதானில் ஒன்பது உள்ளே பொள்ளல் என்பது சீனத் தச்சர்களின் வழக்கு. அகலமான நல்ல பலகை கிடைப்பது அவ்வளவு அரிது. அரிது என்பதே அங்கே பெருமையானது. வாங்குபவர் நாற்காலியின் வளைவுக்காகப் பணம் கொடுக்கவில்லை, கனத்துக்கும் நிறத்துக்கும் மரத்தின் பெயருக்கும் கொடுத்தார். செம்மரம் 1995இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்த பிறகும் சேஷாசலத்திலிருந்து கட்டைகள் இரவோடு இரவாக இறங்கின. கோடாரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஜவ்வாது மலை, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து மேஸ்திரிகள் ஆசைகாட்டிக் கூட்டிவந்த தமிழ்க் கூலிகள். 2013 டிசம்பரில் அந்தக் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். அவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை, மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இந்த மரணங்களுக்குச் சட்டப்படியான பொறுப்பு யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்தச் சங்கிலியின் மறுமுனையில் வரவேற்பறையில் ஒரு நாற்காலி இருக்கிறது என்பதை நாற்காலியைப் பற்றி எழுதுபவர் மறைக்கக் கூடாது.

மரம் உறுதியானதாக இருந்ததால்தானே முந்நூறு, நானூறு ஆண்டுப் பழைய சீன நாற்காலிகள் நமக்குக் கிடைத்தன, அவற்றைப் பார்த்துத்தானே வெக்னரே கற்றார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடினமரம் பொருளைக் காப்பாற்றுகிறது, இதில் சந்தேகமில்லை. ஆனால் பொருள் பிழைத்திருப்பதும் பாணி பிழைத்திருப்பதும் வெவ்வேறு. சண்டிகர் இதை நம் நாட்டிலேயே நிரூபித்துக் காட்டியது. 1950களில் லெ கார்பூசியர் அந்த நகரத்தைத் திட்டமிட்டபோது, அவருடைய உறவினர் பியர் ஜன்னரே அங்கேயே தங்கி, இந்தியக் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாற்காலிகளை வடிவமைத்தார். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் வி எழுத்துப்போல் விரிந்து நிற்கும் கால்கள். உள்ளூர்ப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. பின்னால் அவை உடைசல் என்று மொட்டை மாடியில் குவிக்கப்பட்டு, கழிவு ஏலத்தில் சொற்ப விலைக்குப் போயின. தேக்கு தேக்காகத்தான் இருந்தது. அது அந்த நாற்காலிகளைக் குப்பையிலிருந்து காப்பாற்றவில்லை. ஐரோப்பிய வணிகர்கள் வந்து அள்ளிச் சென்று பாரிஸ், லண்டன் ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்ற பிறகுதான் நாம் விழித்தோம். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றைப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவிட்டது.

அப்படியானால் ஒரு நாற்காலியைக் காலத்தால் அழியாதது ஆக்குவது வணிகரும் ஏலக்காரரும்தானே, வடிவத்துக்கு இதில் என்ன பங்கு என்ற எதிர்க்கேள்வி சண்டிகரிலிருந்தே எழும். விலையை ஏற்றியது வணிகர்தான், மறுக்க முடியாது. இருந்தாலும் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று கவனிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் இந்தியா முழுக்கக் கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் அதே தேக்கில், அதே பிரம்பில் செய்த கனமான நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சித்தூர், வட ஆற்காடு, சென்னை எங்கும் இருந்தன. அவற்றைத் தேடி எந்த வணிகரும் வரவில்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த விரிந்த கால்தான். ஒரே மரச்சட்ட அமைப்பில் முன்னங்காலையும் பின்னங்காலையும் கைப்பிடியையும் தாங்கவைத்த யோசனை அது. இன்று பெங்களூரிலும் ஐரோப்பாவிலும் அந்த நாற்காலியைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வாங்குபவர்களுக்குச் சண்டிகரின் பழைய தேக்கு வேண்டியதில்லை, கால் சரியாக விரிந்திருந்தால் போதும். ஏலக்காரர் ஒரு நல்ல வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம், தாமதமாகவும் கண்டுபிடிக்கலாம். இல்லாத வடிவத்தை உண்டாக்க அவரால் ஆகாது.

மரத்தை இவ்வளவு தூரம் தள்ளிவைப்பது சரியா என்று தடுத்து நிறுத்தக்கூடியவர் ஒருவர் உண்டு: ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான இவர் 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். அமெரிக்கா திரும்பிய பிறகு கட்டடக் கலையை விட்டுத் தச்சுக்கே வந்துவிட்டார். மரத்துக்கு ஒரு மறுவாழ்வு தருவதே தன் வேலை என்று நம்பியவர். பலகையின் விளிம்பைச் சீவாமல், வெடிப்பை மறைக்காமல், அதன்மேல் வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்துப் பிடிக்கவைத்தவர். அவரிடம் மரமும் வடிவமும் பிரிக்க முடியாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மிகுதியாகப் பயன்படுத்தியது தான் குடியேறிய பென்சில்வேனியாவில் வளரும் கருப்பு வால்நட்டை. கையருகில் கிடைத்த மரத்தின் சுபாவத்தைப் படித்து அதற்கேற்ற உருவத்தைத் தேடினார். 1960இல் இரண்டே கால்களில் நிற்கும் ஒரு நாற்காலியைச் செய்தார். அதை இன்றும் பேசவைப்பது அந்தத் துணிச்சலான நிலைதான். மரத்தை நேசிப்பதும் மரத்தின் விலையை நேசிப்பதும் வேறு என்று அவருடைய பட்டறை காட்டுகிறது.

வடிவம்தான் முக்கியம், பொருள் எதுவானாலும் சரி என்றால் இந்த வாதம் திருப்பதியின் கல்யாண மண்டபத்துக்குள் போய் நிற்கும். முகூர்த்த நாளில் அங்கே நூற்றுக்கணக்கில் வரிசைகட்டும் பிளாஸ்டிக் நாற்காலியின் மூதாதை, 1972இல் ஹென்றி மசோனே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. பாலிப்ரொப்பிலினை உருக்கி அச்சில் பாய்ச்சினால் ஒரே துண்டாக வெளியே வரும். எடை மூன்று கிலோவுக்குள். முதுகில் உள்ள துளைகள் வியர்வை ஆறக் காற்று விடும், பாரத்தையும் குறைக்கும். காலின் மடிப்புதான் அதன் பலம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். அதன் அடிப்படை உருவம் அரை நூற்றாண்டாக மாறவில்லை. சித்தூர்க் கிராமத்து டீக்கடையிலும் நைரோபியிலும் அதுவே இருக்கிறது. 2017இல் ஜெர்மனியின் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் இதற்கென்றே கண்காட்சி வைத்தது. ஊரின் அழகு கெடுகிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் பொது இடங்களில் இதைச் சில ஆண்டுகள் தடையும் செய்திருந்தது. ஏழை வீட்டு விசேஷத்திலும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் ஆசனம் போட முடிந்தது இதனால்தான் என்பதற்காக இதை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இதை ஒய் நாற்காலியின் வரிசையில் வைக்க மனம் வரவில்லை. காரணம் பிளாஸ்டிக் மலிவு என்பது அல்ல. ஒரு கால் விண்டால் அத்தோடு முடிந்தது, பழுதுபார்க்க வழியே இல்லை. தோனெட்டின் நாற்காலியில் திருகாணியைக் கழற்றி ஒரு துண்டை மாற்றலாம். ஜன்னரே நாற்காலியின் பிரம்பை நம் ஊர்ப் பின்னல்காரர் ஒரே நாளில் புதிதாக்கித் தருவார். நல்ல வடிவம் என்று நான் சொல்வதில் இந்தப் பழுதுபார்க்கும் வழியும் சேர்த்தி, ஏனென்றால் இரண்டாவது தலைமுறை உட்காராத நாற்காலிக்குப் பாணி என்று ஒன்று நிலைக்க இடமே கிடைப்பதில்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம் சித்தூர், திருப்பதி விவசாயிகளிடமிருந்து வரும், அதுதான் எனக்குக் கனமானதாகத் தோன்றுகிறது. பட்டா நிலத்தில் செம்மரக் கன்று நட்டு இருபது, முப்பது ஆண்டு காத்திருப்பவர்கள் உண்டு. அனுமதிச் சிக்கல்களைத் தாண்டி விற்க இப்போதுதான் வழி திறக்கிறது. 2023 நவம்பரில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தியச் செம்மரத்தின் மீதான சிறப்புக் கண்காணிப்பை விலக்கிக்கொண்டது. மரத்துக்கு மதிப்பில்லை என்று எழுதிவிட்டால் அவர்கள் பிழைப்பு என்னாவது? மரத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் தண்டுக்கு உயர்ந்த மரமாகச் செம்மரத்தைத்தான் கொள்கிறார்கள். அங்கே அதன் அடர்த்தி தந்தியின் நாதத்திலேயே கேட்கிறது. அதற்குத் தேவைப்படும் கட்டை சிறியது, விலை பெரியது. செதுக்கு வேலைக்கும் இயற்கைச் சாயத்துக்கும் அப்படித்தான். இந்த வேலைகளில் செம்மரத்தின் குணம் பேசுகிறது. நாற்காலியில் அதன் விலை மட்டும் பேசுகிறது. விவசாயியின் கட்டைக்கு நிலத்தின் சர்வே எண்ணோடு சான்று கொடுத்து, வாத்தியத்துக்கும் சிற்பத்துக்கும் ஏற்ற அளவில் அறுத்து, நேராக வாங்குபவரிடம் சேர்க்கும் ஏற்பாட்டை ஆந்திர அரசு செய்தால், கொஞ்ச மரத்திலேயே அவருக்கு அதிகம் கிடைக்கும். மாதவமாலா சிற்பிகளுக்கும் சட்டப்படி நல்ல கட்டை கையில் வரும். பெய்ஜிங் வரவேற்பறைக்காரர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டுமென்றால் அவர்கள் மூதாதையர் கண்டுபிடித்த அந்த வளைவு அவர்களிடமே இருக்கிறது. அதை எந்தத் தோட்டத்து மரத்திலும் வளைத்துக்கொள்ளலாம்.